எஸ் முதல் இசட் வரை

நம் சேலம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தர முடியுமா என்று கேட்டார்கள். ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. மெயின்பிரேம் கட்டளைகளை நான் எழுதித்தான் நீங்கள் கற்க வேண்டும் என்பதில்லை, கையேட்டில் எல்லாம் இருக்கிறது. அதனால் கையேட்டில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நான் செய்த ஒரு தவறு. அதில் பாதிதான் இயந்திரத்தோடு சம்பந்தப்பட்டது.

இதில் வரும் பழனிவேலிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயரை மாற்றிக்கொள்ளட்டுமா என்றேன். "பேரோடயே எழுதுங்கக்கா, எம் பொண்ணு படிக்கோணும்" என்றார்.

பழனிவேலுக்குச் சொந்த ஊர் சேந்தமங்கலம். வீட்டில் மரவள்ளி விவசாயம். நான் சேர்ந்து பத்து வருடம் கழித்து எங்கள் குழுவுக்கு வந்தார். வெளிநாட்டில் மருத்துவமனைகளுக்கு மருந்து அனுப்பும் ஒரு நிறுவனத்தின் மெயின்பிரேமை, அதாவது அவர்களுடைய மொத்த வேலையும் ஓடும் பெரிய கணினியை, நாங்கள் இங்கிருந்து பார்த்துக்கொண்டோம். அதில் ஓடும் வேலைகளைக் கண்காணிப்பது பழனியின் பொறுப்பு. எந்த வேலை எந்த வேலைக்காகக் காத்திருக்கிறது, எது நின்றால் எது நிற்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். மற்றவர்கள் வரைபடத்தை விரித்துத் தேடிக்கொண்டிருக்கும்போது அவர் பதில் சொல்லி முடித்திருப்பார்.

சின்ன வயதிலேயே அவருக்கு மாலைக்கண் இருந்திருக்கிறது. நாற்பதை நெருங்கும்போது பகலிலும் பார்வை சுருங்க ஆரம்பித்தது. குழாய்க்குள் இருந்து பார்ப்பது போல நடுவில் மட்டும் கொஞ்சம் தெரியும், பிறகு அதுவும் மங்கிவிடும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஒரு வருடம் அலுவலகத்தில் யாரிடமும் அவர் சொல்லவில்லை. திரைகளை மனப்பாடம் செய்துகொண்டு சமாளித்தார். ஒருநாள் வாடிக்கையாளர் ஒரு திரையின் பட்டியலில் மூன்றாவதாக இருந்த தேர்வை நான்காவதாக மாற்றிவிட்டார்கள். பழனி வழக்கம்போல மூன்றைத் தட்டினார். வேறு ஏதோ திரை வந்தது. திரும்பத் திரும்ப மூன்றையே தட்டினார். பக்கத்தில் நின்றிருந்த எனக்கு அப்போதுதான் புரிந்தது. அன்று சாப்பாட்டு வேளையில் அவரே எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்துவிட்டுத் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

அதன் பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருளை வீட்டிலேயே ஆறு மாதம் பழகினார். ஹெட்செட்டில் அது பேசும் வேகம் எனக்கு வண்டு ரீங்கரிப்பது போலத்தான் கேட்கும். அவருக்கு ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்டது. ஆனால் மெயின்பிரேமின் வழக்கமான திரைகள் முழுப்பக்கத் திரைகள். ஒரு இடத்தில் ஏதாவது மாறினாலும் அந்த மென்பொருள் பக்கம் முழுவதையும் மேலிருந்து வாசிக்கும். அதை வைத்துக்கொண்டு வேலை செய்ய முடியாது.

வேறு வழி ஒன்று இருந்தது. அந்த மெயின்பிரேமுக்குள் யுனிக்ஸ் பகுதி ஒன்று உண்டு. அங்கே முழுப்பக்கத் திரை கிடையாது. ஒரு வரி தட்டினால் பதிலும் வரி வரியாக வரும். நாம் தட்டும் வரியை வாங்கி இயந்திரத்திடம் சொல்லும் நிரலுக்கு ஷெல் என்று பெயர், அது உங்களுக்குத் தெரியும். ஆனால் அங்கிருந்த ஷெல் பழையது. பழனி வீட்டில் லினக்ஸில் பழகியது வேறு ஷெல். தன் வேலைக்கான கட்டளைகளைக் கோத்த ஸ்கிரிப்டுகளை எல்லாம் அதில்தான் எழுதி வைத்திருந்தார். அந்த ஷெல் மெயின்பிரேமில் கிடைத்துவிட்டால் முன்பு செய்த வேலை அத்தனையும் அவரால் செய்ய முடியும்.

எங்கள் மேலாளர் ஆத்தூர்க்காரர், கெட்டவர் அல்ல. வாடிக்கையாளரிடம் பேசி இரண்டு மாதம் சோதனைக்கு அனுமதி வாங்கினார். சரியாக வந்தால் பழனி குழுவில் தொடரலாம். வராவிட்டால் தொலைபேசி அழைப்புகளைக் குறித்து வைக்கும் வேலைக்கு மாற்றிவிடுவார்கள். ஒரு நிபந்தனையும் இருந்தது. வெளியில் யாரோ கம்பைல் செய்ததை ஏற்றக் கூடாது. மூல நிரலை எடுத்து நாங்களே அங்கு கம்பைல் செய்ய வேண்டும், அதாவது அந்த இயந்திரத்தின் மொழிக்கு மாற்ற வேண்டும்.

நான் செய்கிறேன் என்றேன். ஒரு வாரம் போதும் என்றும் சொன்னேன். அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

கம்பைல் செய்வதற்கு முன்னால் ஒரு ஸ்கிரிப்ட் ஓடும். இந்த இயந்திரத்தில் அது இருக்கிறதா, இது வேலை செய்கிறதா என்று நூற்றுக்கணக்கான கேள்விகளைக் கேட்டு, சின்னச் சின்னச் சோதனை நிரல்களை ஓட்டிப் பார்த்து, கிடைத்த விடைகளுக்கு ஏற்ப மூல நிரலைத் தயார்செய்யும். அதில் ஒரு கேள்வி எழுத்துகளைப் பற்றியது. நம் மடிக்கணினியில் ஆங்கில எழுத்துகளின் எண்கள் ஏ முதல் இசட் வரை இடைவெளி இல்லாமல் வரிசையாக நிற்கும். மெயின்பிரேமில் அப்படி அல்ல. ஏ முதல் ஐ வரை ஒரு கூட்டம், பிறகு இடைவெளி. ஜே முதல் ஆர் வரை ஒரு கூட்டம், மறுபடி இடைவெளி. கடைசியில் எஸ் முதல் இசட் வரை. பழைய காலத்து ஏற்பாடு, இன்றும் அப்படியே இருக்கிறது.

அந்தக் கேள்விக்கான சோதனை நிரல் மட்டும் ஓடாமல் நின்றுகொண்டே இருந்தது. எத்தனை முறை ஓட்டினாலும் அதே இடத்தில் நிற்கும். இரண்டாவது வாரம் முடிந்தது. மூன்றாவது வாரமும் பாதி போய்விட்டது. பழனி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலையில் வருவார், ஹெட்செட்டை மாட்டுவார், வேலை எதுவும் இல்லாததால் கொஞ்ச நேரத்தில் கழற்றி மேசையில் வைப்பார். அந்தச் சத்தம் எனக்குக் கேட்கும். தினமும் ஸ்கூட்டரில் அவரைக் கொண்டுவந்து விடும் அவர் மனைவி சுகன்யா ஒருநாள் வாசலில் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஏனுங்கக்கா, இந்த வாரம் முடிஞ்சிருமுங்களா? ஊட்டுல பேச்சே இல்லீங்க."

முடிந்துவிடும் என்றேன்.

அன்று மதியம் அதைச் செய்தேன். அந்த ஸ்கிரிப்டுக்கு ஒரு வசதி உண்டு. சில கேள்விகளுக்கான விடையை நாமே முன்கூட்டி ஒரு கோப்பில் எழுதிக் கொடுத்துவிட்டால் சோதித்துப் பார்க்காமல் அதை நம்பிக்கொள்ளும். எழுத்துகள் பற்றிய கேள்விக்கு 'வழக்கம்போல்' என்று எழுதிக் கொடுத்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது. அந்த இடைவெளிகளைப் பற்றி வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலிருந்தே எனக்குத் தெரியும். முதலில் கம்பைல் ஆகட்டும், பிறகு வந்து சரிசெய்துகொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இந்தத் தொழிலில் 'பிறகு' என்று தள்ளி வைத்த எதற்கும் நான் தானாகத் திரும்பி வந்ததில்லை. ஏதாவது உடைந்த பிறகுதான் வந்திருக்கிறேன்.

கம்பைல் ஆகிவிட்டது. பழனியைக் கூப்பிட்டேன். அவர் நாலைந்து வரி தட்டினார், ஹெட்செட்டில் கேட்டார், முகமெல்லாம் சிரிப்பு. பிறகு தன் பழைய ஸ்கிரிப்ட் ஒன்றை ஓட்டினார். அதுவும் ஓடியது. குழுவில் இருந்த எல்லோரும் எழுந்து வந்து அவரைச் சுற்றி நின்றார்கள். ஷெல்லோடு வரும் முழுச் சோதனைத் தொகுப்பை ஓட்ட இரண்டு நாள் ஆகும். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு இன்னும் இரண்டு நாள் பொறுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மூன்று வாரம் எல்லாம் நன்றாகப் போனது. வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து அவரைப் பாராட்டி ஒரு மெயில்கூட வந்தது.

பிறகு ஒரு வியாழக்கிழமை. புதிய பதிப்பு ஏற்றுவதற்கு முன்னால் ஒரு கோப்புறையைக் காலி செய்ய வேண்டியிருந்தது. எழுத்தில் தொடங்கும் பெயர்கள் உள்ள கோப்புகளை வேறு இடத்தில் நகல் எடுத்துவிட்டு, மொத்தக் கோப்புறையையும் துடைத்துவிட வேண்டும். எண்ணில் தொடங்குபவை இயந்திரம் தற்காலிகமாக எழுதியவை, அவற்றுக்கு நகல் வேண்டாம். பழனியின் ஸ்கிரிப்ட் அதைச் செய்து முடித்தது. ஒரு மணி நேரம் கழித்து அங்கிருந்த ஒருவர், ஸ்டோர் கோப்பு எங்கே, வேன் கோப்பு எங்கே என்று கேட்டு எழுதினார். எந்தக் கிடங்கிலிருந்து எந்த வேன் எந்த மருத்துவமனைக்கு எதைக் கொண்டுபோக வேண்டும் என்பது அந்தக் கோப்புகளில்தான் இருந்தது. கோப்புறையில் அவை இல்லை, நகலிலும் இல்லை. முந்தைய நாள் பதிவு பத்திரமாக இருந்தது, ஆனால் அதற்குப் பிறகு செய்த மாற்றங்கள் எல்லாம் போய்விட்டன. அங்கே பொழுது விடிந்து வேன்கள் கிளம்புவதற்குள், அதாவது நமக்கு மாலை ஆறு மணிக்குள், அவை திரும்ப வர வேண்டும். அப்போது மதியம் ஒன்றரை.

மேலாளர் என்னைத் தனியாக அழைத்தார். "மேடம், யாரு ஓட்டுனதுன்னு கேக்கறாங்க. பழனியால முடியலன்னா விட்டுடலாம், யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க" என்றார். பரிவாகத்தான் சொன்னார்.

நான் பழனியின் இருக்கைக்குப் போனேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டேன்.

"பழனி, கட்டளையச் சரியாப் பாத்துத்தான அடிச்சீங்க?"

அவர் ஹெட்செட்டைக் கழற்றினார். "மூணு தடவ கேட்டுப்போட்டுத்தான் அடிச்சனுங்கக்கா."

நான் "சரி" என்றேன். அந்த 'சரி'யில் நம்பிக்கை இல்லை என்பது அவருக்குக் கேட்டிருக்கும். குரலைக் கேட்டே வாழும் மனிதரிடம் அப்படி ஒரு 'சரி'யைச் சொல்லிவிட்டு வந்தேன். மேலாளரிடம் போய், கை தவறியிருக்கும் என்றும் சொன்னேன். என் வேலையில் பிழை இருக்கலாம் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. அவருடைய கண்ணைச் சந்தேகிப்பது எனக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது.

முந்தைய நாள் பதிவிலிருந்து கோப்புகளை மீட்கத் தொடங்கினேன். அரை மணி நேரம் போயிருக்கும். மேசைகளைத் தொட்டுத் தொட்டு யாரோ வருவது தெரிந்தது. பழனி. என் இருக்கை கடைசி வரிசையில், அதுவரை அவர் தனியாக அங்கே வந்ததில்லை. மடிக்கணினியை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார்.

"அக்கா, ஒரு நிமிசம் இதக் கேளுங்க" என்று ஹெட்செட்டை என்னிடம் நீட்டினார். எனக்குப் புரியட்டும் என்று குரலின் வேகத்தைக் குறைத்து வைத்திருந்தார். நகல் எடுக்கப்பட்ட கோப்புகளின் பெயர்களை அந்தக் குரல் ஒவ்வொன்றாக வாசித்தது. ஏ, பி, சி என்று அகர வரிசையில் போய்க்கொண்டே இருந்தது. ஆரில் தொடங்கும் கடைசிப் பெயரை வாசித்தது. பிறகு ஒன்றுமில்லை.

"ஆருக்கு அப்பறம் ஒண்ணுமே வரலீங்க. எஸ்ஸூ, டீ, வீ எதுவுமே இல்ல. நாந் தப்பா அடிச்சிருந்தா எல்லாமே தப்பாப் போயிருக்கோணும். இது அளந்து வெட்டுனாப்புல இருக்குதுங்க. எதனாலீங்கக்கா இப்பிடி வரும்?"

காதில் ஹெட்செட்டின் மெல்லிய இரைச்சல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நான் எழுதிக் கொடுத்த அந்த விடைக் கோப்பு கண் முன்னால் வந்தது. 'வழக்கம்போல்.' எழுத்துகள் வரிசையாக நிற்கின்றன என்று நான் சொன்னதை நம்பி, அந்த ஷெல் ஏயிலிருந்து இருபத்தாறு எண்களை எண்ணியிருக்கிறது. நடுவில் இருந்த இடைவெளியும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டதால் ஆரோடு எண்ணிக்கை முடிந்துவிட்டது. எஸ் முதல் இசட் வரை எட்டும் அதற்கு எழுத்தே அல்ல.

அப்போது என் மனதில் ஓடியதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 'இயந்திரக் கோளாறு' என்று எழுதிவிட்டால் போதும். பழனி மேல் பழி வராது, என் மேலும் வராது. மெயின்பிரேமின் எழுத்து வரிசை விசித்திரமானது என்று சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள், அது பொய்யும் அல்ல. இரண்டு பேரையும் காப்பாற்றும் வழி கையில் இருக்கும்போது ஏன் விட வேண்டும் என்று தோன்றியது. ஆனால் அவர் கேள்வியைக் கேட்டுவிட்டு என் பக்கம் முகத்தைத் திருப்பி நின்றுகொண்டிருந்தார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அவருடைய பதிலை நம்பாதவள் நான். என் பதிலை நம்புவதற்குத் தயாராக அவர் நின்றார்.

"என்னாலதான் பழனி" என்றேன். விடைக் கோப்பில் என்ன எழுதினேன், ஏன் எழுதினேன் என்பதைச் சொன்னேன். உங்களைச் சந்தேகப்பட்டதும் தப்பு என்றேன்.

 அவர் பக்கத்தில் நாற்காலி இருக்கிறதா என்று கையால் தேடி உட்கார்ந்தார். "நகலை எண்ணிப் பாக்காமத் தொடச்சது எந் தப்புங்கக்கா. அதயும் சேத்துச் சொல்லுங்க. இப்ப மணி என்னாச்சு?"

இரண்டேகால் ஆகியிருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தோம். அன்று நடந்த மாற்றங்கள், இயந்திரம் தானாகக் குறித்து வைக்கும் பதிவேட்டு வரிகளில் சிதறிக் கிடந்தன. அவர் வேக வேகமாகக் கேட்டுத் தேவையானதைச் சொல்வார், நான் திருத்துவேன். ஐந்து மணிக்கு எல்லாக் கோப்புகளும் அதனதன் இடத்துக்கு வந்துவிட்டன. அன்று ஒரு வேன்கூடத் தாமதமாகக் கிளம்பவில்லை.

வாடிக்கையாளரோடு ஐந்தரை மணிக்கு நடந்த அழைப்பில் நானே பேசினேன். சோதனையை ஓட்டாமல் விடையை எழுதியது நான் என்றும், காரணத்தைக் கண்டுபிடித்தது பழனிவேல் என்றும், நகலை எண்ணிப் பார்க்கும் வரி இனி ஸ்கிரிப்டில் இருக்கும் என்றும் சொன்னேன். மேலாளர் மேசையைப் பார்த்தபடி இருந்தார். மறுமுனையில் இருந்த அம்மையார் நிதானமாகக் கேட்டுவிட்டு, சரிசெய்து காட்டும் வரை அந்த ஷெல்லை எடுத்துவிடுங்கள் என்றார். நியாயம்தான். ஆனால் என் தவறுக்கான தண்டனை பழனிக்குத்தான் போனது. மறுநாள் காலை அவர் ஹெட்செட்டைக் கழற்றி வைக்கும் சத்தம் மறுபடி கேட்டது. இந்த முறை நான் எழுந்து போய் அவரை என் பக்கத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தேன்.

அந்தச் சோதனை நிரல் ஏன் நின்றது என்று பொறுமையாகப் பார்த்தபோது ஒரே மதியத்தில் காரணம் தெரிந்துவிட்டது. கோப்பு எந்த எழுத்துமுறையில் இருக்கிறது என்பதை இயந்திரத்துக்குச் சொல்லாமல் விட்டிருந்தேன். அவ்வளவுதான். மூன்று வாரமாக அவசரத்தில் எனக்குத் தெரியாதது, அவசரம் போனதும் தெரிந்தது. புதிதாகக் கம்பைல் செய்தோம். இந்த முறை முழுச் சோதனைத் தொகுப்பையும் ஓட்டினோம். இரண்டு நாள் ஆனது. அது முடிந்த பிறகும் பழனி விடவில்லை. ஒவ்வொரு விசையாக அழுத்தி, என்ன வருகிறது என்று கேட்டார். வரிக்குள் நகர்வதற்காக எழுத்துகளைக் கன்ட்ரோல் விசையோடு சேர்த்து அழுத்தும்போது இரண்டு இடத்தில் வேறு எதுவோ நடந்தது. நாங்கள் அம்புக்குறி விசைகளையே பயன்படுத்துவதால் எங்கள் யாருக்கும் அது தெரிந்தே இருக்காது. அதையும் சரிசெய்தோம்.

ஒன்பது நாள் கழித்து ஷெல் திரும்பி வந்தது. சோதனைக் காலத்தை இன்னொரு மாதம் நீட்டித்தார்கள். அந்த மாதம் முடிந்ததும் பழனி குழுவில் தொடர்வதாகக் கடிதம் வந்தது. அன்று மாலை சுகன்யா உள்ளேயே வந்துவிட்டார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நடந்தது அவருக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. பழனியிடம் பிறகு கேட்டேன். "அன்னைக்கே சொல்லிப்போட்டனுங்க. ரெண்டு நாள் உங்க மேல கோவமாத்தான் இருந்துச்சு" என்று சிரித்தார்.

கடைசியாக ஒரு வேலை பாக்கி இருந்தது. இப்படி ஏதாவது நடந்தால் என்ன ஆனது, யாரால் ஆனது, எப்படிச் சரியானது என்று வாடிக்கையாளருக்கு முறையான அறிக்கை அனுப்ப வேண்டும். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதினேன். என் பெயர் வர வேண்டிய இடத்தில் எல்லாம் என் பெயரையே போட்டேன். பழனியைப் பற்றி எழுத வேண்டிய வாக்கியத்துக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். அவருக்குப் பெருமை சேர வேண்டும் என்று இருந்தது. தமிழில் சொன்னால் அது இப்படி வரும்: 'பார்வையை இழந்த நிலையிலும், இந்தப் பிழையை முதலில் கண்டறிந்தவர் பழனிவேல்.'

அனுப்புவதற்கு முன்னால் அவருக்குக் கொடுத்தேன். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு முழுவதும் கேட்டார். அந்த வாக்கியம் வந்ததும் நிறுத்தி, மறுபடி ஒரு முறை கேட்டார்.

"அக்கா, அந்த மொதல்ல வர்றது வேண்டாமுங்க."

எதைச் சொல்கிறார் என்று முதலில் எனக்குப் பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. அழித்தேன். இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார். நான் வாசித்தேன்.

"இந்தப் பிழையை முதலில் கண்டறிந்தவர் பழனிவேல்."

"இது போதுமுங்க" என்றார். "அனுப்பிருங்க."